பழைய பைக்கில் சார்ஜ் ஏறவில்லையா? வோல்ட் எங்கே தொலைகிறது என்று பாருங்கள்

பேட்டரி மாற்றியாச்சு. ரெகுலேட்டர் மாற்றியாச்சு. காயில்கூடப் புதுசு போட்டாச்சு. ஆனாலும் காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் ரிலேவின் 'டக்' சத்தம் மட்டும்தான் வருகிறது. பழைய பைக் வைத்திருக்கும் யாரிடம் பேசினாலும் இந்தக் கதையில் ஏதோ ஒரு பகுதியைச் சொல்வார்கள். பல வண்டிகளில் மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு எனக்கு ஒரு விஷயம் உறுதியாகிவிட்டது: சார்ஜிங் கோளாறு என்று கழற்றி வீசப்படும் பாகங்களில் நிறைய நல்ல பாகங்கள்தான். கோளாறு பெரும்பாலும் பாகத்தில் இருப்பதில்லை, ஒரு பாகத்தையும் இன்னொன்றையும் இணைக்கும் வழியில் இருக்கிறது. அந்த வழியை யாரும் அளந்து பார்ப்பதில்லை.

என் வண்டி முப்பது வயதைத் தாண்டிய இரட்டை சிலிண்டர் பைக். சிக்னலில் நிற்கும்போது ஹெட்லைட் மங்கும், இண்டிகேட்டர் சோம்பலாக அடிக்கும், ஆக்சிலேட்டர் கொடுத்தால் கொஞ்சம் தேறும். புதுப் பேட்டரி போட்டதும் எல்லாம் சரியானது போலத் தெரிந்தது. சில வாரங்களில் அதுவும் படுத்துவிட்டது. பேட்டரி சரியில்லை என்றார்கள், பிறகு ரெக்டிஃபையர் போயிருக்கும் என்றார்கள். அளந்து பார்க்காமல் இனி ஒரு பாகமும் வாங்குவதில்லை என்று முடிவு செய்து மல்டிமீட்டரை எடுத்தேன். அதில் தெரிந்துகொண்டதையும், பிறகு மற்ற வண்டிகளில் பார்த்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

மீட்டரை எடுப்பதற்கு முன் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை சார்ஜிங் என்று தெரிந்துகொள்ளுங்கள். இணையத்தில் படிக்கும் எண்களை வகை தெரியாமல் பொருத்திப் பார்த்தால் நல்ல காயிலைக் கெட்டது என்று முடிவு கட்டிவிடுவோம். இன்று ஓடும் பழைய வண்டிகளில் பெரும்பாலானவை நிரந்தரக் காந்த வகை. எஞ்சினோடு சுற்றும் ஃப்ளைவீலில் காந்தங்கள் இருக்கும், நடுவில் அசையாத காயில், அதாவது ஸ்டேட்டர். அதிலிருந்து ஏசி கரண்ட் மூன்று வயர்களில் வெளியே வரும். பல வண்டிகளில் மூன்றும் மஞ்சள், சிலவற்றில் மூன்றும் வெள்ளை. மூன்றும் ஒரே நிறத்தில் இருப்பதுதான் அடையாளம். அவை ரெகுலேட்டரும் ரெக்டிஃபையரும் ஒன்றாக இருக்கும், வரிவரியாக அலுமினியத் தகடு வைத்த பெட்டிக்குப் போகும். சுருக்கமாக ஆர்ஆர் என்போம். அங்கே ரெக்டிஃபையர் ஏசியை டிசி ஆக்கும், ரெகுலேட்டர் வோல்ட் அளவு மீறாமல் பார்த்துக்கொள்ளும், பிறகு பேட்டரிக்கு வரும்.

சிறிய பழைய வண்டிகளில் ஒரே ஒரு சார்ஜிங் காயில்தான் இருக்கும். பலவற்றில் அதன் ஒரு முனை பாடியிலேயே எர்த் ஆகியிருக்கும். அங்கே 'ஸ்டேட்டருக்கும் எர்த்துக்கும் தொடர்பே இருக்கக் கூடாது' என்ற சோதனை பொருந்தாது. 6 வோல்ட் வண்டியில் பேட்டரி நிறைந்திருந்தால் 6.3-க்குச் சற்று மேல், சார்ஜ் ஆகும்போது ஏறக்குறைய 7 வோல்ட் வர வேண்டும். பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில் பாசிட்டிவ் எர்த், அதோடு ஜீனர் டயோடு வைத்துக் கட்டுப்படுத்தும் முறை. பேட்டரியைத் திருப்பி மாட்டினால் டயோடுகள் போய்விடும். சில வண்டிகளில் காந்தமே கிடையாது, ரோட்டருக்குள் இருக்கும் ஃபீல்டு காயிலுக்கு பிரஷ் வழியாக கரண்ட் கொடுத்துக் காந்தமாக்குவார்கள். 1970-களின் யமஹா எக்ஸ்எஸ் 650 அப்படிப்பட்டது. சாவி போட்டதும் ஆல்டர்னேட்டர் பக்கம் ஒரு ஸ்பேனரைக் கொண்டுபோனால் பிடித்து இழுக்க வேண்டும். இழுக்கவில்லை என்றால் பிரஷ், ரோட்டர் காயில், ரெகுலேட்டர் என்று அந்தப் பாதையில்தான் தேட வேண்டும். காற்றில் குளிரும் பழைய பிஎம்டபிள்யூ பாக்ஸர்களில் ரோட்டருக்கான முதல் கரண்ட் சார்ஜ் விளக்கின் பல்பு வழியாகவே போகிறது. அந்தச் சின்ன பல்பு ஃப்யூஸ் போனால் சார்ஜ் ஆவதே தொடங்காமல் போகலாம். அந்த வண்டிக்காரர் ஆல்டர்னேட்டரைக் கழற்றுவதற்கு முன் சாவியைப் போட்டு விளக்கு எரிகிறதா என்று பார்த்தால் போதும்.

இனி நான் சொல்வதெல்லாம் 12 வோல்ட், மூன்று வயர், நிரந்தரக் காந்த வகைக்கு.

முதலில் பேட்டரி. இதைத் தாண்டிப் போகவே கூடாது, ஏனென்றால் கெட்ட பேட்டரியை வைத்துக்கொண்டு எடுக்கும் மற்ற எல்லா அளவும் குழப்பும். சார்ஜரில் போட்டு முழுதாக ஏற்றுங்கள், பேட்டரியின் ஆம்பியர்-அவர் எண்ணில் பத்தில் ஒரு பங்கு கரண்டில். 9 ஆம்பியர்-அவர் பேட்டரிக்கு 0.9 ஆம்பியர். எடுத்த உடனே அளக்க வேண்டாம். மேலோட்டமாக ஏறிய சார்ஜ் பொய்யான எண்ணைக் காட்டும். சில மணி நேரம் சும்மா விடுங்கள், அவசரம் என்றால் ஹெட்லைட்டை ஓரிரு நிமிடம் போட்டு அணைத்துவிட்டு அளவெடுங்கள். 12.6 முதல் 12.8 வரை இருந்தால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12.0-க்குக் கீழே போனால் கிட்டத்தட்டக் காலி. எவ்வளவு ஏற்றினாலும் 10.5 பக்கத்திலேயே நிற்கிறதா? ஆறு செல்லில் ஒன்று செத்துவிட்டது, ஒவ்வொரு செல்லும் 2.1 வோல்ட். அந்த பேட்டரியோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

சும்மா இருக்கும்போது 12.7 காட்டும் பேட்டரியும் கெட்டதாக இருக்கலாம். செல்ஃப் அடிக்கும்போது பேட்டரி டெர்மினலிலேயே மீட்டரை வைத்துப் பாருங்கள். 10-க்குக் குறையாமல் நின்றால் நல்லது. 9.5-க்குக் கீழே சரிந்தால் பேட்டரிக்கு உள்ளே வலு இல்லை. ஆசிட் ஊற்றும் வகை பேட்டரி என்றால் ஆசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் இன்னும் நேர்மையாகச் சொல்லும். நிறைந்த செல்லில் 1.265-லிருந்து 1.280 வரை வரும். ஒரு செல் மட்டும் மற்றவற்றைவிட 0.05-க்கு மேல் குறைந்திருந்தால் அந்த செல்லின் கதை முடிந்தது. தண்ணீர் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும் ஊற்றுங்கள், ஆசிட் ஊற்றாதீர்கள். ஆவியாகிப் போனது தண்ணீர்தான்.

பேட்டரியில் கை வைக்கும்போது ஒரு எச்சரிக்கை. சார்ஜ் ஆகும் பேட்டரி ஹைட்ரஜன் வாயுவை வெளியிடும், பக்கத்தில் தீப்பொறி ஆகாது. நெகட்டிவ் எர்த் வண்டியில் கழற்றும்போது நெகட்டிவை முதலில், மாட்டும்போது நெகட்டிவைக் கடைசியில். அப்போதுதான் ஸ்பேனர் ஃப்ரேமில் பட்டாலும் ஒன்றும் ஆகாது. அதோடு இந்த வேலையில் பெரும்பகுதி எஞ்சினை ஓடவிட்டுச் செய்வது, அதனால் திறந்தவெளியில் செய்யுங்கள். மூடிய ஷெட்டில் புகை ஆளைக் கொன்றுவிடும்.

பேட்டரி தேறிவிட்டால் அதன் டெர்மினல்களில் மீட்டரை வைத்து மூன்று அளவுகள் எடுக்க வேண்டும்: எஞ்சின் ஓடாதபோது, ஐடிலிங்கில், பிறகு நிமிடத்துக்கு 4000–5000 சுற்றில். கடைசி இரண்டையும் ஹெட்லைட் போட்டும் எடுங்கள். நல்ல வண்டியில் 5000 சுற்றில் 13.5-க்கும் 14.5-க்கும் இடையே வந்து அங்கேயே நிற்கும். ஐடிலிங்கில் ஹெட்லைட்டோடு 12.5 பக்கம் இறங்கினால் பழைய வண்டிக்கு அது இயல்பு. 1970, 80-களின் நடுத்தர வண்டிகள் பலவற்றில் ஆல்டர்னேட்டரின் மொத்தத் திறனே 5000 சுற்றில் 150 முதல் 200 வாட்தான், ஐடிலிங்கில் அதில் ஒரு பகுதிதான் வரும். 60 வாட் ஹெட்லைட் மட்டும் 4.5 ஆம்பியர் தின்னும். இதன் மேல் ஃபாக் லேம்ப், மொபைல் சார்ஜர் எல்லாம் மாட்டிவிட்டு நெரிசலில் ஊர்ந்து போனால், கோளாறே இல்லாத வண்டியிலும் பேட்டரி இறங்கும். கணக்கு பொருந்தாத இடத்தில் பாகம் மாற்றிப் பயனில்லை.

எவ்வளவு முறுக்கினாலும் 12.6-ஐத் தாண்டவில்லை, அதோடு இறங்கிக்கொண்டே போகிறது என்றால் சார்ஜ் வரவே இல்லை. 15-ஐத் தாண்டினால் அதிக சார்ஜ். இரண்டுக்கும் நடுவே, வருகிறது ஆனால் போதவில்லை என்ற நிலை ஒன்று உண்டு. மக்கள் வழி தவறுவது அங்கேதான். என் வண்டி அந்த ரகம்: 5000 சுற்றில் ஹெட்லைட்டோடு 12.9.

ஸ்டேட்டரைப் பார்க்கலாம் என்று ஆர்ஆர் பக்கம் போகும் மூன்று வயர் கப்ளரை, அதாவது வயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கனெக்டரை, கழற்றினேன். இந்தச் சோதனை கப்ளரைக் கழற்றிவிட்டுத்தான் செய்ய வேண்டும், மாட்டியிருக்கும்போது ரெகுலேட்டர் அளவை அமுக்கிவிடும். முதலில் ஓம்ஸ், அதாவது தடை. வயர் இரண்டிரண்டாக மூன்று ஜோடி, பொதுவாக 0.2-லிருந்து 1 ஓம் வரைக்குள் மூன்றும் ஒன்றுபோல வர வேண்டும். மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட வைத்தாலே 0.2, 0.3 காட்டும் மீட்டர்கள் உண்டு, அதைக் கழித்துவிட்டுப் பாருங்கள். இத்தனை சிறிய எண்ணில் காயிலுக்குள் சில சுற்றுகள் ஷார்ட் ஆகியிருந்தால் சாதாரண மீட்டருக்குத் தெரியாது. அதனால் ஓம்ஸ் பாஸ் ஆனதை வைத்து ஸ்டேட்டர் நல்லது என்று சொல்ல மாட்டேன். அடுத்து ஒவ்வொரு வயருக்கும் எஞ்சின் பாடிக்கும் இடையே தொடர்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருக்கக் கூடாது. பிறகு எஞ்சினை ஓட்டி, மீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து அதே மூன்று ஜோடிகளை அளக்க வேண்டும். 5000 சுற்றில் பொதுவாக 50-லிருந்து 70 வரை அல்லது அதற்கும் மேல் வரும். வண்டிக்கு வண்டி எண் மாறும், ஆனால் மூன்றும் சமமாக இருக்க வேண்டும் என்பது மாறாது. ஒரு ஜோடி 60 காட்டி மற்ற இரண்டும் 40 காட்டினால் காயில் போய்விட்டது. கை வைக்காதீர்கள், இந்த வோல்ட்டேஜ் கரண்ட் அடிக்கும்.

என் வண்டியில் 61, 62, 61. எர்த்துக்குத் தொடர்பு இல்லை.

அடுத்து ஆர்ஆர். அதற்குள் கரண்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடுகள் இருக்கும். மீட்டரை டயோடு நிலையில் வைத்து, சிவப்பு முனையை ஒவ்வொரு ஏசி வயரிலும், கறுப்பு முனையை பாசிட்டிவ் அவுட்புட்டிலும் வைத்தால் 0.4-லிருந்து 0.7-க்குள் ஒரு எண் வர வேண்டும். முனைகளை மாற்றினால் எதுவும் காட்டக் கூடாது. நெகட்டிவ் பக்கமும் இதே சோதனை, முனைகள் மட்டும் தலைகீழ். இரண்டு பக்கமும் காட்டினால் டயோடு ஷார்ட், இரண்டு பக்கமும் காட்டாவிட்டால் ஓப்பன். இது ரெக்டிஃபையர் பகுதியை மட்டும்தான் சோதிக்கும். ரெகுலேட்டர் பகுதியைப் பற்றி ஒன்றும் சொல்லாது. என் ஆர்ஆரில் ஆறு டயோடும் நன்றாகவே இருந்தன.

பேட்டரி நல்லது, ஸ்டேட்டர் நல்லது, டயோடு நல்லது, பேட்டரியில் 12.9. இந்த இடத்தில்தான் பெரும்பாலும் 'எதற்கும் ஆர்ஆரை மாற்றிப் பார்ப்போம்' என்ற முடிவு வருகிறது.

அதற்குப் பதிலாகச் செய்ய வேண்டியது வோல்ட்டேஜ் ட்ராப் சோதனை. இவ்வளவு எளிதாக, இவ்வளவு தெளிவாகப் பேசும் வேறு சோதனை இந்த விஷயத்தில் இல்லை என்பேன், ஆனாலும் இதைச் செய்பவர்கள் குறைவு. எல்லாக் கப்ளரும் மாட்டியிருக்க வேண்டும். எஞ்சின் ஓட வேண்டும், ஹெட்லைட் எரிய வேண்டும், சுற்று 4000-க்கு மேல் இருக்க வேண்டும், ஏனென்றால் கரண்ட் ஓடினால்தான் தடை வெளியே தெரியும். மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை ஆர்ஆரின் பாசிட்டிவ் வயர் கப்ளருக்குள் நுழையும் இடத்தில் பின்பக்கமாகச் செருகுங்கள், மறுமுனையை பேட்டரி பாசிட்டிவில் வையுங்கள். இரண்டும் ஒரே வயரின் இரண்டு முனைகள். நியாயமாகப் பூஜ்யம் வர வேண்டும். 0.2 வரை பொறுத்துக்கொள்ளலாம். பிறகு ஆர்ஆரின் பாடியில் ஒரு முனை, பேட்டரி நெகட்டிவில் மறுமுனை. அங்கேயும் 0.2-க்குள்தான் வர வேண்டும்.

எனக்குப் பாசிட்டிவ் பக்கம் 0.9 வந்தது, நெகட்டிவ் பக்கம் 0.4. ஆர்ஆரிலேயே நேராக அளந்தால் 14.2. அதாவது ஆர்ஆர் தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது. 14.2-லிருந்து வழியில் 1.3 தொலைந்து மிச்சம் 12.9 பேட்டரிக்கு வந்து சேர்கிறது. புது ஆர்ஆர் போட்டிருந்தாலும் இதே 12.9-தான் வந்திருக்கும்.

தொலைகிற இடத்தைப் பிடிப்பது பிறகு சுலபம். ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவிலேயே வைத்துக்கொண்டு மறுமுனையை வழியெங்கும் நகர்த்திக்கொண்டே வாருங்கள்: ஃப்யூஸுக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கப்ளருக்கு முன், பின். எண் எங்கே குதிக்கிறதோ அங்கேதான் கோளாறு. என் வண்டியில் மெயின் ஃப்யூஸ் ஹோல்டரில் ஒரு குதி. ஃப்யூஸ் நன்றாக இருந்தது, அதைப் பிடிக்கும் கிளிப்புகள் பச்சை பூத்துத் தளர்ந்துபோயிருந்தன. ஆர்ஆர் கப்ளரில் அதைவிடப் பெரிய குதி. வெளியே பார்த்தால் வெள்ளை பிளாஸ்டிக் லேசாகப் பழுப்பாகியிருந்தது, அவ்வளவுதான். பிரித்தால் உள்ளே பின் கறுத்து, பிளாஸ்டிக் உருகி அதைப் பாதி மூடியிருந்தது. 0.1 ஓம் தடையில் 15 ஆம்பியர் ஓடினால் 1.5 வோல்ட் தொலையும். அந்த இடத்தில் 22 வாட்டுக்கு மேல் சூடு பிறக்கும். ஒரு இண்டிகேட்டர் பல்பு 21 வாட். அந்தச் சூடு முழுவதும் விரல் நுனி அளவுள்ள கப்ளருக்குள். சூடானால் பின் தளரும், தளர்ந்தால் தடை கூடும், தடை கூடினால் இன்னும் சூடாகும். அதனால்தான் இந்தக் கோளாறு மெல்ல ஆரம்பித்துக் கடைசியில் வேகமெடுக்கிறது.

நெகட்டிவ் பக்கம் 0.4-க்குக் காரணம் பெயின்ட். எப்போதோ யாரோ ஃப்ரேமுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், ஆர்ஆரும் எர்த் வயரின் கண்ணியும் அந்தப் பெயின்ட்டின் மேலேயே போல்ட் போட்டு முறுக்கப்பட்டிருந்தன. கரண்ட் போல்ட்டின் மரை வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

சரி செய்தது இப்படி. கருகிய கப்ளரைத் தேய்த்து மறுபடி மாட்டுவது வீண்வேலை. ஒருமுறை சூடான பின் தன் இறுக்கத்தை இழந்துவிடும். வயரையும் உள்ளே செம்பு பளிச்சென்று தெரியும் இடம்வரை வெட்டிவிட வேண்டும். கறுத்த செம்பில் கிரிம்ப், அதாவது நசுக்கிப் பொருத்தும் இணைப்பு, பிடிக்காது. நல்ல தடிமனான பின்களோடு புதுக் கப்ளர் போட்டேன். பாசிட்டிவுக்கு ஆர்ஆரிலிருந்து பேட்டரிக்கு நேராக 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்று இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே அதற்கென்று தனி ஃப்யூஸ். ஃப்யூஸ் இல்லாமல் பேட்டரி பாசிட்டிவிலிருந்து புதிதாக ஒரு வயரும் இழுக்கக் கூடாது, எங்காவது உரசி எர்த் ஆனால் வண்டியே பற்றிக்கொள்ளும். ஆர்ஆர் பாடியிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்கு இன்னொரு வயர், ஃப்ரேமை நம்பாமல். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, கொஞ்சம் கிரீஸ் தடவினேன். மறுபடி அளந்தபோது இரண்டு பக்கமும் சேர்த்து 0.1. பேட்டரியில் 14.1. படுத்துவிட்டது என்று நினைத்த அந்த பேட்டரியே, மெதுவாகச் சார்ஜ் ஏற்றியதும் நன்றாக ஓடியது.

மூன்று ஏசி வயர்களின் கப்ளரையும் இதே கண்ணோடு பாருங்கள். கருகல் அங்கேதான் அதிகம் நடக்கிறது. அந்தப் பக்கம் பலர் கப்ளரையே எடுத்துவிட்டு வயர்களை நேராக சால்டர் செய்து, ஹீட் ஷ்ரிங்க் போட்டு மூடிவிடுகிறார்கள். பிறகு சோதிக்க வெட்ட வேண்டியிருக்கும் என்பதால் எனக்கு அதில் முழு உடன்பாடில்லை, ஆனால் மலிவான கப்ளரைவிட அது மேல்.

பழைய வண்டிகளின் ஆர்ஆர் பெரும்பாலும் ஷன்ட் வகை. பேட்டரி நிறைந்ததும் ஸ்டேட்டரிலிருந்து வரும் மிச்ச கரண்டை ஷார்ட் செய்து திருப்பி அனுப்பும். விளக்கு எரிந்தாலும் அணைந்தாலும் ஸ்டேட்டர் முழுச் சுமையிலேயே ஓடும். எல்லாவற்றையும் எல்இடி ஆக்கிவிட்டால் ஸ்டேட்டருக்கு ஓய்வு கிடைக்கும் என்று நினைப்பது இந்த வகையில் நடக்காது. ஆர்ஆர் ஷார்ட் செய்ய வேண்டிய கரண்ட்தான் கூடும். சார்ஜ் போதாத வண்டிக்கு எல்இடி உதவும், ஸ்டேட்டரின் சூட்டைக் குறைக்க உதவாது. அதற்கு சீரிஸ் வகை ஆர்ஆர் வேண்டும், அது தேவைப்படாதபோது கரண்டைத் துண்டித்துவிடும். ஆர்ஆர் தொட முடியாத சூட்டில் இருந்தால் பயப்பட வேண்டாம், ஷன்ட் வகை அப்படித்தான். காற்றே படாத இடத்தில் அது மாட்டப்பட்டிருந்தால் காற்று வரும் இடத்துக்கு மாற்றுவது நல்லது.

சூடு பற்றிச் சொல்லும்போது, சூட்டில் மட்டும் தெரியும் ஒரு கோளாறையும் சொல்லிவிட வேண்டும். பின்னொரு காலம் இதே வண்டியில் கிளம்பும்போது 14.1 காட்டும், அரை மணி நேரம் ஓடிய பிறகு 12.4-க்கு இறங்கிவிடும். குளிர்ந்த எஞ்சினில் எல்லாச் சோதனையும் பாஸ். அதனால் நன்றாக ஓட்டிவிட்டு வந்து, எஞ்சினை அணைத்த கையோடு கப்ளரைக் கழற்றி ஸ்டேட்டர் வயருக்கும் பாடிக்கும் இடையே ஓம்ஸ் வைத்தேன். எதுவுமே காட்டக் கூடாத இடத்தில் சில ஓம்கள் காட்டியது. ஆறிய பிறகு மறுபடி ஒன்றுமில்லை. காயிலின் வார்னிஷ் வெந்துபோய், சூட்டில் விரியும்போது கம்பி இரும்பைத் தொடுகிறது. கவரைத் திறந்தபோது சில போல்கள், அதாவது கம்பி சுற்றிய இரும்புப் பற்கள், மட்டும் கரிக்கட்டையாக இருந்தன. எஞ்சின் ஆயிலுக்குள் ஓடும் ஸ்டேட்டர் என்றால் ஆயிலிலேயே கருகிய வாடை வரும். விட்டுவிட்டு வரும் சார்ஜிங் கோளாறை எப்போதும் அது வரும் நிலையில் வைத்துச் சோதியுங்கள்; குளிர்ந்த வண்டியில் எடுத்த நல்ல எண்களை நம்ப வேண்டாம். காயில் கட்டக் கொடுப்பதானால் பழைய கம்பியின் தடிமன், ஒரு போலுக்கு எத்தனை சுற்று, சுற்றும் திசை மூன்றும் மாறாமல், அதிகச் சூடு தாங்கும் எனாமல் கம்பியில் கட்டச் சொல்லுங்கள்.

அதிக சார்ஜ் விஷயத்தில் நண்பன் ஒருவனின் வண்டியில் பார்த்ததைச் சொல்கிறேன். பேட்டரியில் தண்ணீர் வற்றிக்கொண்டே இருந்தது, ஆசிட் வாடை, பல்புகள் அடிக்கடி போயின. மீட்டரில் 15.6.

"ரெகுலேட்டரே புதுசு மாத்திட்டேன்டா, அப்பவும் அதே பதினஞ்சு புள்ளி ஆறுதான்" என்றான்.

"அந்த ஒல்லியான கறுப்பு வயர் எங்க போகுதுன்னு பாத்தியா?"

அவன் வண்டியின் ஆர்ஆரில் மற்ற வயர்களோடு ஒல்லியாக ஒரு சென்ஸ் வயரும் இருந்தது. பேட்டரி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று ரெகுலேட்டர் பார்ப்பது அந்த வயரில்தான். அது நேராகப் பேட்டரிக்குப் போகாமல் இக்னிஷன் சுவிட்ச் வழியாக வருகிறது. எஞ்சின் ஓடும்போது அந்த வயரில் அளந்தோம்: 14.3. பேட்டரியில் 15.6. சுவிட்சின் தேய்ந்த காண்டாக்ட் 1.3 வோல்ட்டைத் தின்றுவிடுகிறது. ரெகுலேட்டரோ தனக்குத் தெரியும் 14.3-ஐப் பார்த்து எல்லாம் சரி என்று இருக்கிறது. இக்னிஷன் சுவிட்சைப் பிரித்து காண்டாக்ட்டைச் சுத்தம் செய்ததும் பேட்டரியில் 14.4-க்கு வந்தது. பிறகு ஒரு ரிலே போட்டு, சென்ஸ் வயருக்குப் பேட்டரியிலிருந்தே சப்ளை கொடுத்தோம். என் வண்டியில் குறைவான சார்ஜைக் கொடுத்த அதே வகைத் தடை, அவன் வண்டியில் வேறு வயரில் உட்கார்ந்துகொண்டு அதிக சார்ஜைக் கொடுத்தது. சென்ஸ் வயர் இல்லாத ஆர்ஆரில் 15-க்கு மேல் வந்தால் ரெகுலேட்டரை மாற்ற வேண்டியதுதான்.

ஒரு பழக்கத்தை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன், விட்டுவிடுங்கள்: எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, வண்டி நிற்கிறதா ஓடுகிறதா என்று பார்ப்பது. பேட்டரி இல்லாமல் வோல்ட்டேஜ் எகிறும்போது பல்புகளும் ரெகுலேட்டரும், ஸ்பார்க்கைக் கட்டுப்படுத்தும் சிடிஐ பெட்டியும் போய்விடலாம். அந்தச் சோதனை சொல்லும் எதையும் மீட்டர் அதைவிட நன்றாகச் சொல்லும்.

சார்ஜிங் அளவுகள் எல்லாம் சரி, ஆனாலும் சில நாள் நிறுத்தி வைத்தால் பேட்டரி இறங்கிவிடுகிறது என்றால் அது வேறு கோளாறு. சாவி அணைந்திருக்க, பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, மீட்டரை ஆம்பியரில் வைத்து டெர்மினலுக்கும் கேபிளுக்கும் நடுவே இணையுங்கள். முதலில் 10 ஆம்பியர் துளையில், எண் சிறிதென்று தெரிந்த பிறகு மில்லி ஆம்பியரில். மீட்டர் அப்படி இருக்கும்போது சாவியைப் போடாதீர்கள், செல்ஃப் அடிக்கவே அடிக்காதீர்கள், மீட்டரின் ஃப்யூஸ் போய்விடும். கடிகாரமோ அலாரமோ இல்லாத பழைய வண்டியில் பூஜ்யத்தை ஒட்டித்தான் வர வேண்டும். 50 மில்லி ஆம்பியர் கசிந்தால் நாளுக்கு 1.2 ஆம்பியர்-அவர், 9 ஆம்பியர்-அவர் பேட்டரி ஒரு வாரத்தில் காலி. கசிவு தெரிந்தால் முதலில் ஆர்ஆர் கப்ளரைக் கழற்றிப் பாருங்கள். எண் விழுந்துவிட்டால் அதன் டயோடு பின்பக்கமாக ஒழுகுகிறது, ஆர்ஆரை மாற்றலாம். விழவில்லை என்றால் ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். எதைப் பிடுங்கும்போது எண் விழுகிறதோ, அந்த ஃப்யூஸில் தொங்கும் வயர்களில் பிறகு மாட்டிய பொருள் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். நான் பார்த்தவரை ஹார்ன் ரிலே, மொபைல் சார்ஜர், அலாரம் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருந்திருக்கிறது.